அப்பா நின்று நின்று ஏறிய மலை

எங்கள் குடும்பத்தில் மூக்கிலிருந்து இரத்தம் வருவதை யாரும் வியாதியாக நினைத்ததில்லை. சில வீடுகளில் எல்லாருக்கும் சுருட்டை முடி இருக்கும். சில வீடுகளில் எல்லாருக்கும் முன்பல் எடுப்பாக இருக்கும். எங்கள் வீட்டில் மூக்கு. அப்பாவுக்கு வரும், அண்ணனுக்கு வரும், எனக்கு வரும். அம்மாவுக்கு மட்டும் வராது. காலையில் முகம் கழுவும்போது வந்துவிட்டால் அப்பா குனிந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடியே எங்களோடு பேசிக்கொண்டிருப்பார். நின்றதும் கழுவிவிட்டு ஸ்டோருக்குப் போய்விடுவார். பன்வில பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். கொழுந்து வாட்டும் மேல்தட்டில் அவருக்கு வேலை. வீட்டுக்கு வரும்போது சட்டையில் பச்சைக் கொழுந்து வாசம் இருக்கும்.

அவருடைய உதட்டில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். "வெத்தில போடாமலே செவந்த வாயி உங்கப்பாவுக்கு" என்பார் அம்மா. அதை அவர் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பன்வில கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு அப்பாவும் அண்ணனும் நானும் மலைப்பாதையில் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஏறுவோம். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவார்கள், பிள்ளைகள் பின்னால் ஓடும். எங்கள் அப்பா ஒவ்வொரு வளைவிலும் நிற்பார். நின்று ஏதாவது சொல்வார். தோட்டத்துத் துரையின் கார் கவிழ்ந்த கதை, காட்டுக்கோழி முட்டையிடும் இடம், கீழே தெரிகிற கோயிலின் தேர் ஒரு வருஷம் சேற்றில் மாட்டிக்கொண்டது. "அவசரம் என்னா? கொஞ்சம் காத்து வாங்கிக்கிட்டுப் போவோம்" என்பார். எங்களுக்காகத்தான் நிற்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் என்னைப்போல் அப்பாவோடு பேசிக்கொண்டே மலை ஏறியவர்கள் வேறு யாருமில்லை.

எனக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது அப்பா செத்துப்போனார். கடைவாய்ப் பல் ஒன்று கெட்டுப்போய்க் கன்னம் வீங்கியிருந்தது. பல் டொக்டரிடம் போகமாட்டேன் என்றார். அண்ணனுக்கு அப்போது இருபது. அவன்தான் பிடிவாதமாக வத்தேகமைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பல்லைப் பிடுங்க வைத்தான். வீக்கம் வற்றியது. சில கிழமைகள், ஒரு மாதம் போல, நன்றாக இருந்தார். பிறகு தலைவலி என்றார், காய்ச்சல் வந்தது, ஒரு பக்கக் கை தூக்க வரவில்லை. கண்டிக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் சீழ் கட்டியிருக்கிறது என்றார்கள். அவர் திரும்பி வரவில்லை.

"பல்லு நரம்பு மூளைக்குப் போவுதில்ல, அதப் புடுங்குனா சும்மா இருக்குமா" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அண்ணன் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவன் எல்லாவற்றையும் கேட்டான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்பாவைப் பற்றிய பேச்சு குறைந்து, பிறகு நின்றே போனது. அம்மாவும் போன பிறகு பேச யாருமில்லை.

இதெல்லாம் எதற்கு என்றால், என் வருத்தத்தை, என் நோயை, சொல்ல வேண்டுமானால் அப்பாவிலிருந்துதான் தொடங்க முடியும்.

நான் பல்லேகலயில் ஒரு தையல் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். வீடு குண்டசாலையில். வெள்ளைச் சட்டை தைக்கிற லைனில் மூக்கு உடைந்து இரத்தம் வருகிற நான் இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறேன் என்றால் அது எவ்வளவு பெரிய கலை என்று தைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். மூக்குக்குள் ஈரம் தெரிந்த உடனே துணியைவிட்டு இரண்டடி பின்னால் போய்விடுவேன். ஒரு சட்டையில்கூட என் இரத்தம் பட்டதில்லை.

அன்று இரத்தம் வரவில்லை. சட்டைக் கொலர் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். கை அதை விட்டுவிட்டது. குனிந்து எடுக்கப் போனால் வலது கை என்னுடையதாக இல்லை. பக்கத்து மெஷினில் இருந்த பிள்ளையிடம் ஏதோ சொன்னேன். நான் சொன்னது எனக்கே விளங்கவில்லை.

"அக்கா, ஏன் வாய் ஒரு பக்கம் போவுது?" என்று அவள் கத்தினாள்.

தொழிற்சாலை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது கை திரும்பி வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. எனக்கு வெட்கமாகப் போனது. ஒன்றுமில்லாததற்கு எல்லாரையும் அலைக்கழித்துவிட்டேனே என்றிருந்தது. டொக்டர்கள் அப்படி நினைக்கவில்லை. மூளைக்குப் போகும் குழாயில் ஒரு சின்ன இரத்தக் கட்டி அடைத்து, பிறகு தானாகவே கரைந்திருக்கிறது என்றார்கள். பக்கவாதத்தின் முன்னறிவிப்பாம். விரலில் ஒரு கிளிப்பைப் போட்டு இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது என்று பார்த்தார்கள். குறைவாக இருந்தது. படுக்கச் சொன்னார்கள், கூடியது. எழுந்து உட்காரச் சொன்னார்கள், குறைந்தது. மறுபடி படுக்கச் சொன்னார்கள். இது என்ன விளையாட்டு என்று விளங்காமல் நான் படுத்து எழும்பிக்கொண்டிருந்தேன்.

மேற்கொண்டு சோதிக்கப் பேராதனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அந்த டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். சிங்களத்தில் பாதியும் சைகையில் பாதியுமாகப் பதில் சொல்லிக் களைத்திருந்த எனக்கு, அவர் தமிழில் பேசத் தொடங்கியதே பாதி மருந்தாக இருந்தது. என் உதட்டை இழுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, உங்கட அப்பாவுக்கு மூக்கால இரத்தம் வாறதோ?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வரும் டொக்டர். எப்பிடித் தெரியும்?"

"உதட்டில இப்பிடிச் சிவப்புப் புள்ளியள் இருந்ததோ?"

என் உதட்டிலும் அந்தப் புள்ளிகள் இருக்கின்றன என்பதை அன்றுவரை நான் கவனித்ததே இல்லை. இருந்தது என்று தலையை ஆட்டினேன்.

"மேடு ஏறேக்க களைப்பாரோ? நிண்டு நிண்டு ஏறுவாரோ?"

"நிப்பாரு டொக்டர். ஆனா அது நாங்க சின்னப் புள்ளைங்கன்னு. எங்களுக்குக் கத சொல்லத்தான் நிப்பாரு."

டொக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொன்ன பதில் என் காதிலேயே திரும்ப விழுந்தது. ஒவ்வொரு வளைவும் நினைவுக்கு வந்தது. கதையைத் தொடங்கும் முன்னால் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கீழே பார்த்தபடி பேசாமல் நிற்பதும் நினைவுக்கு வந்தது. அது கதையை யோசிக்கிற நேரம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் ஒரு சோதனை செய்தார்கள். உப்புத்தண்ணீரையும் துளிக் காற்றையும் சேர்த்து நன்றாகக் குலுக்கினால் நுண்ணிய குமிழ்கள் வரும். அதைக் கை நரம்பில் ஏற்றிவிட்டு, நெஞ்சில் ஸ்கேன் கருவியை வைத்துத் திரையில் இதயத்தைப் பார்ப்பார்கள். குமிழ்கள் முதலில் இதயத்தின் வலது பக்கத்துக்கு வரும். அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். நுரையீரலில் உள்ள மெல்லிய குழாய்கள் ஒரு சல்லடை மாதிரி, குமிழ் அங்கேயே தங்கிவிடும். இடது பக்கத்துக்கு வரக்கூடாது. திரையின் ஒரு பாதி சவர்க்கார நுரை போல வெள்ளையாகப் பொங்கியது. நான் மறுபாதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதயம் சில தரம் துடித்தது. அங்கும் வெள்ளை வந்தது. ஒன்றிரண்டு அல்ல, மழை மாதிரி வந்தது.

அன்று பின்னேரம் மகள் தர்ஷினியும் என் கணவரும் வந்திருந்தபோது டொக்டர் வந்து கட்டிலின் விளிம்பில் அமர்ந்தார். தர்ஷினி குண்டசாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். வயிற்றில் பிள்ளை உண்டாகி அப்போது இரண்டு மாதம் கடந்திருந்தது, வீட்டாரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

டொக்டர் ஒரு துண்டுக் கடுதாசியில் இரண்டு கோடுகள் கீறினார். ஒன்று இதயத்திலிருந்து வெளியே போகிற குழாய், நாடி. மற்றது திரும்பி வருகிற குழாய், நாளம். இரண்டுக்கும் நடுவில் மீன் வலை போல நெருக்கமாகக் கிறுக்கினார்.

"இதுதான் மயிர்த்துளைக் குழாய். நாடியில வாற இரத்தம் இந்த வலைக்குள்ளால மெதுவாப் போய்த்தான் நாளத்துக்குப் போக வேணும். உங்கட நுரையீரல்ல ஒரு இடத்தில இந்த வலை இல்லை. நாடியும் நாளமும் நேராப் பொருந்தியிருக்கு. அதால போற இரத்தம் காத்தை எடுக்கிறதில்லை. சின்னக் கட்டியோ கிருமியோ வந்தாலும் தடுக்க ஒண்டும் இல்லை. நேரா மூளைக்குப் போயிடும்."

"இது எப்ப இப்பிடி ஆச்சு?" என்று என் கணவர் கேட்டார். "வேல செஞ்ச எடத்துத் தூசியாலயா?"

"இல்லை ஐயா. இது அம்மா பிறக்க முன்னமே தொடங்கின கதை." டொக்டர் தர்ஷினியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் முளையம் எண்டு படிப்பிச்சிருப்பீங்கள். பிள்ளை உருவாகிற தொடக்கத்தில இரத்தக் குழாய் எண்டு ஒண்டும் இராது. சில கலங்கள், செல்லுகள், சின்னத் தீவுகள் மாதிரி அங்கங்கை கூடும். அந்தத் தீவுகள் சேர்ந்து குழாய் ஆகும். பிறகு குழாயில இருந்து முளை விட்டுக் கிளை போகும். எங்கை போக வேணும் எண்டு உடம்பு சில புரதங்களைச் சுரந்து சொல்லும்."

"வளர்ச்சிக் காரணி" என்றாள் தர்ஷினி.

"ஓம். காத்துப் போதாத இடத்தில இருந்து ஒரு காரணி 'இங்கை வா, வளரு' எண்டு கூப்பிடும். வேற ஒரு காரணி 'போதும், நில்லு, இப்ப சுவரைக் கட்டு, வலையைக் காப்பாத்து' எண்டு சொல்லும். ரெண்டும் சரியா இருந்தால்தான் குழாய் சரியா அமையும். அம்மான்ர உடம்பில அந்த ரெண்டாவது சொல்லு சரியாத்தான் வருது. குழாய்ச் சுவரில அதைக் கேக்கிற காதுதான் அரைவாசி மந்தம். அதால சில இடத்தில சுவர் மெல்லிசு, சில இடத்தில வலையே இல்லை. மூக்கில சுவர் மெல்லிசு, இரத்தம் வருது. உதட்டில புள்ளி. நுரையீரல்ல பெரிசா ஒண்டு. பிறக்கேக்க சின்னனா இருந்திருக்கும், வருஷம் போகப் போகப் பெருத்திட்டுது."

"இது தாய் தகப்பன்கிட்டருந்து வருமா?" தர்ஷினி கேட்டாள்.

"வரலாம். ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாறதுக்கு ரெண்டில ஒரு சந்தர்ப்பம்."

தர்ஷினியின் கை தானாகவே வயிற்றுக்குப் போனது. டொக்டர் அதைக் கண்டார். நானும் கண்டேன். கட்டிலில் படுத்திருந்தவள் நான்தான், ஆனால் அந்த நேரத்திலிருந்து என் வருத்தம் எனக்கு இரண்டாம் பட்சமாகப் போனது.

"எத்தினை மாதம்?" என்று டொக்டர் மெல்லக் கேட்டார். அவள் சொன்னாள். "மூக்கால இரத்தம் வாறதோ?"

"இப்பக் கொஞ்ச நாளா வருது. கர்ப்பிணின்னா வரும்னு சொன்னாங்க."

"வரும்தான். அதாலயும் இருக்கலாம், இதாலயும் இருக்கலாம். பிள்ளை வயித்தில இருக்கேக்க உடம்பில இரத்தம் கூடும். இப்பிடி ஒரு குழாய் உள்ளுக்க இருந்தால் அது வீங்கி உடையப் பாக்கும். அதால உங்களுக்கும் இந்தக் குமிழ்ச் சோதனையைச் செய்து பாப்பம். பயப்படாதேங்கோ. இருந்தாலும் அடைக்கலாம்."

அவளுடைய சோதனைக்கு நாள் கிடைக்கும்வரையும், என் குழாயை அடைக்க நாள் கிடைக்கும்வரையும் நான் ஆஸ்பத்திரி வார்ட்டில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் அக்குறணையைச் சேர்ந்த பரீதா தாத்தா இருந்தார். முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நெஞ்சு வருத்தம். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

"என்னத்துக்குப் புள்ள செவத்தப் பாத்துட்டு ஈக்கிறீங்க? மகளுக்கு ஒன்டும் ஈக்காது, இன்ஷா அல்லாஹ். இந்தாங்க, இந்த வட்டிலப்பத்தத் தின்னுங்க" என்பார். அவர் மருமகள் செய்து அனுப்பும் அந்தத் தேங்காய்ப்பால் இனிப்பில் எனக்கு ஒரு பங்கு எப்போதும் இருந்தது.

என் கணவருக்குக் கண்டி டவுனில் மளிகை மொத்தக் கடையில் வேலை. கடை மூடியதும் பஸ் ஏறி வருவார். கையில் ஊசி ஏற்றியிருந்ததால் என்னால் தலை சீவ முடியாது. ஒரு நாள் அவர் சீப்பை எடுத்தார். கல்யாணம் ஆகி இத்தனை காலத்தில் என் தலையை அவர் தொட்டுச் சீவியதில்லை. மூட்டை கட்டும் கையல்லவா, பின்னலும் மூட்டைக் கயிறு மாதிரியே வந்தது. பரீதா தாத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதீங்கம்மா, நாளைக்கு நல்லா வரும்" என்றார் இவர். மறுநாளும் அப்படித்தான் வந்தது. ஆனால் ஒரு நாளும் விடவில்லை. அடைப்பதற்கான கம்பிச் சுருளை வெளியில் வாங்க வேண்டியிருந்தது. அது என்ன விலை என்று நான் கேட்கும்போதெல்லாம் "ஒனக்கு எதுக்கு அந்தக் கணக்கு" என்று பேச்சை மாற்றிவிடுவார். இன்றுவரை சொல்லவில்லை.

அண்ணன் வரவில்லை. அவன் கண்டி, பன்வில ரோட்டில் பஸ் ஓட்டுகிறான். ஒவ்வொரு கிழமையும் யாரிடமாவது செவ்விளநீர் கொடுத்தனுப்புவான். ஆஸ்பத்திரி என்றால் அவனுக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று எனக்குத் தெரியும், அதனால் கோபமும் இல்லை.

கூடுதலான நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வெளியே ஒரு பெரிய மரம், அதற்கு அப்பால் எங்கோ ரயில் போகும் சத்தம். அப்பாவைப் பற்றி அவ்வளவு நேரம் நினைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு நடுவே அவர் நடப்பது, மழை நாளில் எங்கள் இரண்டு பேரையும் தலையில் போட்ட தன் சாக்குக் கொங்காணிக்குள் இழுத்துக்கொள்வது, எனக்கு மூக்கு உடைந்து நான் அழுதால் "இங்க பாரு, எனக்கும் வருது" என்று தன் மூக்கைச் சும்மா பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவது. என் உடம்புக்குள் அவர் இருந்த இடம் எதுவென்று இப்போது எனக்குப் படம் போட்டுக் காட்டிவிட்டார்கள். அந்த இடத்தை அடைக்கப் போகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்னத் துக்கம்கூட இருந்தது. சொன்னால் பைத்தியம் என்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் டொக்டர் தனியாக இருந்தபோது கேட்டேன். "எங்கப்பாவுக்குப் பல்லு புடுங்கினதாலதான் அப்பிடி ஆச்சா?"

நான் சொன்ன முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "ஆளைப் பாக்காமல் நான் சத்தியம் பண்ண ஏலாது அம்மா. ஆனால் நீங்கள் சொல்லுறதைப் பாத்தால் அவருக்கும் இதுதான் இருந்திருக்கும். வாயில இருக்கிற கிருமி இரத்தத்தில கலந்தால், எங்களுக்கெல்லாம் நுரையீரல் வடிச்சுப் போடும். அவருக்கு வடிக்க வலை இல்லை. கெட்ட பல்லைப் பிடுங்காமல் விட்டிருந்தாலும் அந்தப் பல்லில இருந்தே கிருமி போயிருக்கும். பிடுங்க வைச்சவரில பிழை இல்லை."

குழாயை அடைத்த நாளில் எனக்கு மயக்க மருந்து தரவில்லை. தொடைக்கு மேல் கவட்டில் மட்டும் மரக்கச் செய்து, அங்குள்ள நாளத்தினூடாக ஒரு மெல்லிய குழாயை இதயத்தைத் தாண்டி நுரையீரல்வரை கொண்டுபோனார்கள். உள்ளே ஏதோ இளஞ்சூடாகப் பரவியது. நேரான அந்த இணைப்புக்குள் கம்பிச் சுருளை விட்டதும் அது தானாகவே சுருண்டு அடைத்துக்கொண்டது. விரல் கிளிப்பில் இருந்த எண் மெல்ல ஏறத் தொடங்கியது. "பாத்தீங்களே அம்மா" என்று டொக்டர் திரையைக் காட்டினார். எனக்குத் திரை தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

இரண்டு நாள் கழித்துத் தர்ஷினியின் சோதனை. நான் வெளியே கதிரையில் இருந்தேன். என் நெஞ்சில் குமிழ் மழை பெய்ததைப் பார்த்த கண் அது, உள்ளே போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கதவு திறந்து அவள் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்து அமர்ந்து என் தோளில் தலையை வைத்தாள்.

"ஒன்னுகூட இந்தப் பக்கம் வரலம்மா."

அவளுக்கு அந்த வருத்தம் இருக்கிறதா, வெறும் கர்ப்பகால மூக்கா என்பது அப்போதைக்குத் தெரியாது, ஆனால் நுரையீரல் சுத்தம். பிள்ளையைப் பெற்றெடுக்கப் பயமில்லை. அது போதும்.

வீட்டுக்குப் போகும் வழியில் நான்தான் கேட்டேன். "உள்ள இருக்கிறதுக்கு எப்பிடியோ?"

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சும்மா" என்றாள். "உண்டாகி மூனாவது வாரத்திலயே தொடங்கிரும். எனக்குப் புள்ள இருக்குன்னு தெரியிறதுக்கு முன்னாலயே அது தன்னோட குழாயெல்லாம் போட ஆரம்பிச்சிருச்சு. டொக்டர் சொன்ன அந்தக் காதும் அப்பவே அமைஞ்சிரும். நாம இனிப் பயந்து என்ன மாத்தப் போறோம்? பொறந்தப்புறம் பாத்துக்குவோம். பாக்கத் தெரியும்ல நமக்கு."

பேத்தி இப்போது குப்புற விழுகிறாள். உதட்டில் புள்ளி ஒன்றும் இல்லை. இந்த வயதில் இருக்காது என்றும் டொக்டர் சொல்லியிருக்கிறார். பொறுத்துப் பார்க்க வேண்டும்.

குண்டசாலையில் பஸ் இறங்கி எங்கள் வீட்டுக்கு ஒரு ஏற்றம். முன்பெல்லாம் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன், வயதாகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில கிழமை கழித்து ஒரு நாள் கேட்டைத் திறந்த பிறகுதான் நிற்காமல் வந்துவிட்டது தெரிந்தது. வாசலிலேயே நின்று அழுதேன். ஒரு தரமாவது அப்பா அப்படி ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் எனக்கு அந்தக் கதைகள் கிடைத்திருக்காது. இரண்டும் மனதுக்குள் மாறி மாறி வந்தன.

இனி அண்ணன். அவனையும் சோதிக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவான். அதனால் ஒரு நாள் கண்டியில் அவன் பஸ்ஸிலேயே ஏறி, அவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன்.

"என்னா ராணி, டிக்கட் எடுத்தியா?" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

பன்விலயில் ஆட்கள் எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. முழுவதையும் சொன்னேன். அவன் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கு ஒன்னுமில்ல. தெனமும் ஓட்டிக்கிட்டுத்தான இருக்கேன்."

"எனக்கும் ஒன்னுமில்லாமத்தான் இருந்துச்சுண்ணே. கை வராமப் போனப்ப நான் புடிச்சிருந்தது கொலர். நீ புடிச்சிருக்கிறது ஸ்டியரிங்."

அவன் கை நின்றது.

"அப்ப அப்பாவுக்கு..." என்றான்.

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். நல்லதாக இருக்கட்டும் என்று ஒன்றையும் கூட்டவில்லை. பல்லில் இருந்துதான் கிருமி போயிருக்கும் என்றேன். பிடுங்காமல் விட்டிருந்தாலும் போயிருக்கும் என்றேன். "அவங்களே சொன்னாங்கண்ணே, புடுங்க வச்சவருமேல பிழ இல்லன்னு."

"நெசமாவே சொன்னாங்களா?"

"நெசமா."

அவன் எழுந்து இறங்கிப்போனான். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தான். "எப்ப வரணும்னு சொல்லு" என்றான்.

அவனுக்கும் இருந்தது. என்னுடையதைவிடச் சிறியது. அதையும் அடைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பிய நாளில் அவனைக் கூட்டிவர நான்தான் போனேன். பேராதனை பஸ் நிறுத்தத்தில் நிழலில் உட்கார்ந்திருந்தோம். வெயில் நன்றாக இருந்தது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். அவன் திடீரென்று பேசத் தொடங்கினான், என் பக்கம் திரும்பாமலே.

"அன்னிக்கி வத்தேகமையில பல்லு புடுங்கிட்டு வெளிய வந்தோம் ராணி. அப்பா வாயில பஞ்சக் கடிச்சிக்கிட்டு இருந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அதத் துப்பிட்டு, எதிர்ல கையக் காட்டுனாரு. ஐஸ்கிரீம் கட. குளிரா ஏதாச்சும் சாப்புடலாம்னு பல் டொக்டர் சொல்லியிருந்தாருல்ல. வாங்கிக் குடுத்தேன். ஒரு கப்பு. சின்னப் புள்ள மாதிரி சொரண்டிச் சொரண்டித் தின்னாரு. முடிச்சிட்டு என்னையப் பாத்தாரு. இன்னொன்னு வேணுமான்னு கேட்டேன். தலைய ஆட்டுனாரு."

"அப்பாவா?" நான் சிரித்துவிட்டேன்.

"ரெண்டு கப்பு. அப்புறம் பஸ்ல வாறப்ப, ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனாரு. ராணிய விட்டுட்டு நாம மட்டும் தின்னது தெரிஞ்சா புள்ள அழுதுருவான்னாரு. இத்தன வருஷம் சொல்லாமத்தான் இருந்தேன்."

அவன் இப்போதுதான் என் பக்கம் திரும்பினான். அப்பா சொன்னது சரிதான். நான் அழுதுகொண்டிருந்தேன்.